ஆர்க்னி முதல் சார்டினியா வரை: ஐரோப்பாவில் எம்.எஸ். நோயின் பரவல்

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், கடலுக்கு நடுவே இருக்கும் ஆர்க்னி தீவுகளில் இருபதாயிரத்துக்குச் சற்றே அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளது என்று கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. ஒரு லட்சம் பேருக்கு 402 பேர் என்ற விகிதம் அதில் கிடைத்தது. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 170 பேருக்கு ஒருவர். அதே ஆய்வில் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஷெட்லாந்தின் விகிதம் 295 ஆகவும், ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் உள்ள அபர்டீன் நகரின் விகிதம் 229 ஆகவும் இருந்தன. உலகிலேயே இந்நோய் மிக அதிகமாக உள்ள இடம் ஆர்க்னி என்று அன்று முதல் செய்தித்தாள்கள் எழுதி வருகின்றன.

இந்த 402 என்ற விகிதத்தை ஆட்களாக மாற்றிப் பார்த்தால் எண்பது பேரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இத்தனை சிறிய மக்கள்தொகையில் பத்து நோயாளிகள் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் ஏறக்குறைய ஐம்பது புள்ளிகள் நகர்ந்துவிடும். ஆர்க்னியின் உண்மையான விகிதம் 319-க்கும் 500-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே வரம்பு குறித்திருப்பது இதனால்தான். ஷெட்லாந்துக்கு அவர்கள் குறித்த வரம்பும் ஆர்க்னியின் வரம்பும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், இரண்டு தீவுக்கூட்டங்களில் எது முதலிடம் என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லை. ஆனால் அபர்டீனின் மேல் வரம்பைவிட ஆர்க்னியின் கீழ் வரம்பு உயர்ந்தே இருக்கிறது. ஆகவே தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையிலான வேறுபாடு உண்மையானது. அது புதிதாகத் தெரிய வந்ததும் அன்று. வட ஸ்காட்லாந்தில் இந்நோய் எவ்வாறு பரவியிருக்கிறது என்று ஆராய்ந்த சதர்லாந்து என்ற மருத்துவர் 1956-லேயே இந்தத் தீவுகளைத் தனியாகச் சுட்டிக்காட்டினார். அங்கே குடியேறிய நார்வீஜிய வம்சத்தினருக்கும் நிலப்பரப்பின் கெல்டிக் மக்களுக்கும் உள்ள வேறுபாடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

நான் நார்வேயின் பெர்கன் நகரில் வாழ்கிறேன். மருத்துவம் என் துறையன்று. எண்களோடு பழகும் வேலை. ஊரில் வளர்ந்த காலத்தில் எம்.எஸ். நோயுள்ள ஒருவரைக்கூட நான் அறிந்ததில்லை. இங்கே அலுவலகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இந்நோயோடு வாழ்பவர்களைச் சாதாரணமாகச் சந்திக்கிறேன். குளிர் நாட்டின் நோய் என்று இங்குள்ள நம்மவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத் தொடங்கியதன் விளைவே இந்தப் பதிவு.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைப்பதுதான் எம்.எஸ். தாக்குதல் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்துப் பார்வை மங்கலாம், கால் மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம், தாங்க முடியாத சோர்வு வரலாம். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. தொற்றுவதில்லை, உடனடியாக உயிரைப் பறிப்பதுமில்லை. பல பத்தாண்டுகள் நீடிக்கும் நோய் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதன் எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள அது மிகவும் முக்கியம்.

ஓர் ஊரில் இன்று எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. ஓர் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பது வேறொரு கணக்கு. இந்த இரண்டாவது எண் மாறாமலே இருந்தாலும், நோயாளிகள் முன்பைவிட நீண்ட காலம் வாழ்ந்தால் முதல் எண் ஏறிக்கொண்டே போகும். அறிகுறிகள் தோன்றிப் பத்து ஆண்டுகள் கழித்து நோயைக் கண்டறிந்த நிலை மாறி ஓராண்டிலேயே கண்டறிந்தாலும் ஏறும். மேற்கு நார்வேயின் நோயாளிகளை அறுபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, எம்.எஸ். உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு ஆண்டுகளே குறைவு என்றும், அந்த இடைவெளியும் காலப்போக்கில் சுருங்கி வருகிறது என்றும் 2017-ல் சொன்னது. எம்.ஆர்.ஐ. கருவி பரவலானதும், இது எம்.எஸ்.தான் என்று முடிவு செய்வதற்காக 2001-ல் வகுக்கப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மக்டொனால்ட் விதிமுறைகளும் நோயறிதலை வெகுவாக முன்னகர்த்தியிருக்கின்றன. ஒரு நாட்டில் எம்.எஸ். எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்ற செய்தியில், நல்ல மருத்துவமும் நல்ல பதிவேடும் சேர்த்த பங்கு எப்போதும் உண்டு.

அமெரிக்க நரம்பியலாளர் ஜான் கர்ட்ஸ்கி உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருந்தார். லட்சத்துக்கு 30 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிக ஆபத்து. 5 முதல் 29 வரை நடுத்தரம். ஐந்துக்குக் கீழே குறைவு. பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்திருந்த அந்தப் பிரிவினையை இன்றைய எண்களோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பு 2020-ல் தொகுத்த உலகக் கணக்கின்படி உலகச் சராசரியே லட்சத்துக்கு 36 பேர். மொத்தம் 28 லட்சம் பேர். அதே அமைப்பின் 2013-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 23 லட்சமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மண்டலப் பிரிவினைப்படி ஐரோப்பா லட்சத்துக்கு 143 பேரோடு முதலிடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்கள் 117, கிழக்கு மத்தியதரைக்கடல் மண்டலம் 33. இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் ஒன்பதைத் தொடவில்லை. நரம்பியல் மருத்துவர்கள் பெருநகரங்களில் மட்டுமே திரண்டிருக்கும் நாடுகளிலிருந்து வரும் எண்ணையும், ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாள எண் கொடுத்து மருத்துவமனைப் பதிவுகளையெல்லாம் இணைத்து வைத்திருக்கும் நாடுகளிலிருந்து வரும் எண்ணையும் ஒரே அட்டவணையில் அடுக்கும்போது எச்சரிக்கை தேவை. ஆயினும் 143-க்கும் 9-க்கும் இடையிலுள்ள இடைவெளி முழுவதையும் பதிவேட்டின் குறைபாட்டால் விளக்கிவிட முடியாது.

ஆகவே, எண்ணும் முறை ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்கும் இடங்களை மட்டும் தமக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும் வழி என்று நினைக்கிறேன். அதற்கு வட ஐரோப்பாவைவிடப் பொருத்தமான களம் இல்லை. டென்மார்க்கின் எம்.எஸ். பதிவேடு 1956-ல் தொடங்கியது. அதற்கு முன்பே 1949-ல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. நார்வேயின் தேசியப் பதிவேடு இதே பெர்கனில், ஹாக்கலாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து நடத்தப்படுகிறது. ஸ்வீடனும் ஸ்காட்லாந்தும் தமக்கென்று பதிவேடுகள் வைத்திருக்கின்றன.

இந்த நாடுகளுக்குள் பார்க்கத் தொடங்கியதுமே 'குளிர் நாட்டு நோய்' என்ற வரி ஆட்டம் காண்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எம்.எஸ். அதிகரிக்கிறது என்பது உலக அளவில் உண்மைதான். ஸ்வீடனிலும் அது பொருந்துகிறது: 2008-ல் லட்சத்துக்கு 189 பேர் என்று கண்ட ஆய்வு, தெற்கிலிருந்து வடக்கே போகப்போக விகிதம் மெல்ல ஏறுவதையும் கண்டது. நார்வேயோ ஸ்வீடனுக்கு அருகிலேயே, அதே அட்சரேகைகளில் நீண்டு கிடக்கும் நாடு. 2012-ன் தொடக்கத்தில் அங்கே லட்சத்துக்கு 203 பேர் இருந்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். ஆனால் தெற்கு, வடக்கு என்ற ஏற்றம் அங்கே இல்லவே இல்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழாத ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள மாவட்டங்கள்தான் நாட்டிலேயே மோசமானவையாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

இதற்கான முதல் துப்பு 1952-லேயே கிடைத்துவிட்டது. ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர் நார்வேயின் கிராமப்புறங்களை ஆராய்ந்து, உள்நாட்டு விவசாயப் பகுதிகளில் எம்.எஸ். அதிகமாகவும் கடற்கரை மீனவர் பகுதிகளில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். பாலும் வெண்ணெயுமான கொழுப்பே குற்றவாளி என்று அவர் முடிவு செய்து, வாழ்நாள் முழுவதும் கொழுப்பு குறைந்த உணவை வலியுறுத்தி வந்தார். அவர் கண்ட வேறுபாட்டைப் பிற்காலத்தவர் வேறு கோணத்தில் படித்தார்கள். கொழுப்புள்ள கடல்மீனில் வைட்டமின் டி நிறைய இருக்கிறது. வெயில் இல்லாத நாட்டில் அது சூரியனுக்கு ஈடு செய்கிறது. நார்வேயில் மீன் எண்ணெய்க்கு இருக்கும் இடத்தை இங்கு வந்து பார்த்தால்தான் நம்ப முடியும். காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய்ப் புட்டி எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் நிற்கிறது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தினமும் ஒரு கரண்டி என்பது பாட்டிமார் வகுத்த விதி. நாற்றம் தாங்காமல் முகத்தைச் சுளிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்குள்ள செவிலியர்களும் அதையேதான் பரிந்துரைக்கிறார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே நடந்த ஒரு நார்வீஜிய ஆய்வில், பதின்ம வயதின் கோடைக் காலங்களை வெளியில் அதிகம் கழித்தவர்களுக்கு எம்.எஸ். குறைவாக வந்திருப்பதும் தெரிந்தது. வைட்டமின் டி அளவை இயல்பாகவே குறைவாக வைத்திருக்கும் மரபணு மாறுபாடுகளைப் பிறவியில் பெற்றவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து அதிகம் என்று 2015-ல் தெரிய வந்தது இந்தக் கருத்துக்கு வலுவான ஆதரவு.

அப்படியானால் ஆர்க்னியில் வைட்டமின் டி படுமோசமாக இருக்க வேண்டும் அல்லவா? 2016-ல் அதையும் அளந்து பார்த்தார்கள். ஆர்க்னி மக்களின் சராசரி, ஸ்காட்லாந்து நிலப்பரப்பு மக்களின் சராசரியைவிட அதிகமாகவே இருந்தது. வயலில் பொழுதைக் கழிக்கும் வயதான விவசாயிகளிடமும், விடுமுறைக்கு வெயில் நாடுகளுக்குப் போய்வந்தவர்களிடமும் அது உயர்ந்திருந்தது. பிற இடங்களில் நன்றாகப் பொருந்திய விளக்கம், உலகிலேயே அதிக விகிதம் உள்ள இடத்தில் பொருந்தாமல் போவதை நான் ரசிக்கவே செய்தேன்.

வடக்கு நார்வேயில் விகிதம் ஏறாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலைமான் மேய்ப்புக்குப் பேர்போன சாமி இன மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அதே இருட்டு, அதே பனி, அதே மருத்துவமனை. ஆனால் அவர்களிடையே எம்.எஸ். மிகக் குறைவு. இந்நோய்க்கான மரபணுக் காரணிகளில் மிக வலுவானது எச்.எல்.ஏ.-டிஆர்பி1*15:01 என்ற வகை. நோய் எதிர்ப்பு மண்டலம் எதை அந்நியம் என்று காண்கிறது என்பதில் பங்குள்ள மரபணு அது. வட ஐரோப்பியரிடையே பரவலாக இருக்கும் இந்த வகை, சாமி மக்களிடம் அரிதாகவே காணப்படுகிறது.

அந்த மரபணு வகை வட ஐரோப்பாவில் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு 2024 ஜனவரியில் ஒரு விடை வந்தது. பண்டைய எலும்புகளிலிருந்தும் பற்களிலிருந்தும் எடுத்த மரபணுக்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழகங்களின் குழு, எம்.எஸ். ஆபத்தைக் கூட்டும் மாறுபாடுகள் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் கால்நடை மேய்த்த யம்னயா மக்களிடையே பெருகி, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மேற்கே பெயர்ந்தபோது ஐரோப்பாவுக்கு வந்தன என்று சொன்னது. ஆடுமாடுகளோடு நெருங்கி வாழ்ந்தவர்களை விலங்கிலிருந்து தாவும் கிருமிகளிடமிருந்து அந்த மாறுபாடுகள் காத்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். யம்னயா வம்சக் கூறு வட ஐரோப்பியரிடம் அதிகம், தென் ஐரோப்பியரிடம் குறைவு. ஐரோப்பாவில் வடக்கு, தெற்கு என்று காணப்படும் எம்.எஸ். ஏற்றத்தின் ஒரு பகுதி வெயிலால் அன்றி வம்சாவளியால் வந்தது என்று இதைப் படிக்கலாம். ஆனால் இங்கேயும் ஆர்க்னி முரண்டு பிடிக்கிறது: அந்த மரபணு வகை அங்கே நிலப்பரப்பைவிடச் சற்று அதிகம்தான் என்றாலும், தீவின் கூடுதல் நோயாளிகளில் சிறு பங்குக்கு மட்டுமே அது கணக்குச் சொல்கிறது.

தெற்கே இருந்து வரும் மறுப்பு இதைவிடப் பெரியது. மத்தியதரைக்கடலில் மாட்ரிட்டின் அட்சரேகையில், வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும் சார்டினியாத் தீவில் எம்.எஸ். விகிதம் லட்சத்துக்கு 300-ஐத் தாண்டிவிட்டது. இத்தாலியின் மற்ற பகுதிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு அது. ஸ்காண்டிநேவிய நாடுகளோடு போட்டியிடும் எண். முதல் வகைச் சர்க்கரை நோயிலும் சார்டினியா பின்லாந்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. இங்கே வட ஐரோப்பாவின் 15:01 வகை முக்கியப் பங்கு வகிக்கவில்லை; தீவின் மக்கள் நீண்ட காலம் தனித்து வாழ்ந்ததால் வேறு மரபணு வகைகள் அவர்களிடம் மிகுந்திருக்கின்றன. பிரான்செஸ்கோ குக்கா தலைமையிலான குழு 2017-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அவற்றில் ஒன்றைப் பற்றியது. பி வகை வெள்ளணுக்களை ஊக்குவிக்கும் பாஃப் என்ற புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கச் செய்யும் ஒரு மாறுபாடு சார்டினியர்களிடம் அதிகமாக இருக்கிறது, அது எம்.எஸ். ஆபத்தையும், எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸின் ஆபத்தையும் கூட்டுகிறது.

ஆபத்தைக் கூட்டும் மாறுபாடு ஒரு மக்களிடையே ஏன் நிலைத்தது? சார்டினியா நூற்றாண்டுக் கணக்கில் மலேரியா ஆட்டிப்படைத்த தீவு. ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1946-க்கும் 1950-க்கும் இடையில் தீவு முழுவதும் டி.டி.டி. தெளித்துத்தான் மலேரியாவை ஒழித்தார்கள். பி அணுக்களும் எதிர்ப்புரதங்களும் மிகுந்திருப்பது மலேரியாவோடு போராடியவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடும். மலேரியா போய்விட்டது, அதற்காகக் கூர்மையாக்கப்பட்ட எதிர்ப்பு மண்டலம் மட்டும் எஞ்சி நிற்கிறது. புல்வெளி மேய்ப்பர்களின் கதையும் மலேரியாத் தீவின் கதையும் வெவ்வேறு மரபணுக்களைப் பற்றியவை என்றாலும், வழி ஒன்றாகவே தெரிகிறது. எம்.எஸ். சிகிச்சையில் இன்று மிக நன்றாக வேலை செய்யும் மருந்துகளில் ஒரு வகை, பி அணுக்களை அழிப்பவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நார்வேயும் ஸ்வீடனும் வேறு நோய்களுக்கென்று வந்த ரிட்டுக்சிமாப் மருந்தை எம்.எஸ். நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுக்கின்றன.

மத்தியதரைக்கடலின் இன்னொரு தீவான மால்டா, இந்நோய் குறைவாக உள்ள இடமாகவே ஆய்வு நூல்களில் இடம்பெற்று வந்திருக்கிறது. அது சிசிலிக்கு மிக அருகில் இருக்கிறது. வெயிலும் உணவும் ஏறக்குறைய ஒன்றே. இந்நோயின் பரவலை ஆராய்ந்த மருத்துவர் ஜெப்ரி டீனும் அவருடைய சகாக்களும் 1970-களில் இரண்டு தீவுகளையும் கணக்கெடுத்தபோது சிசிலியின் விகிதம் மால்டாவைப்போலப் பல மடங்காக இருந்தது.

மரபணுவும் வெயிலும் போக மூன்றாவதாக நிற்பது கிருமி. அதைப் பற்றிய வாதத்தில் மிகப் பிரபலமானது பாரோ தீவுகளின் கதை. ஷெட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள இந்த டேனிஷ் ஆட்சித் தீவுகளை, டென்மார்க் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும், 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகள் கைப்பற்றி 1945 வரை வைத்திருந்தன. தீவைவிட்டு வெளியே வாழாத பாரோ மக்களிடையே 1943-க்கு முன் எம்.எஸ். இருந்ததற்குச் சான்றே இல்லை என்றும், அதன் பிறகு அலைகளாக நோய் தோன்றியது என்றும், முதல் அலையின் நோயாளிகள் படை முகாம்கள் இருந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்றும் கர்ட்ஸ்கியும் டென்மார்க்கின் ஹில்லெஸ்டெடும் 1979-ல் எழுதினார்கள். அறிகுறியின்றிப் பரவும் ஏதோ ஒரு தொற்றைப் படைவீரர்கள் கொண்டுவந்தார்கள் என்பது அவர்களின் கோட்பாடு.

அழகான கதை என்பதில் ஐயமில்லை. அந்த அழகே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சில பத்து நோயாளிகளை வைத்து அலைகளைப் பிரிப்பது, ஆர்க்னி விஷயத்தில் நாம் பார்த்த அதே சிறிய எண்ணின் சிக்கலுக்குள் இன்னும் ஆழமாக இறங்குவதாகும். 1943-க்கு முன் அந்தத் தீவுகளில் இந்நோயைத் தேடிக் கண்டறியக்கூடிய நரம்பியல் மருத்துவம் என்ன இருந்தது என்ற கேள்வியும் எழுகிறது. சார்லஸ் போசர் போன்ற நரம்பியலாளர்கள் இந்த வாதத்தைக் கடுமையாக மறுத்தார்கள். போருக்குப் பின் ஐஸ்லாந்திலும் இதேபோன்ற அலை எழுந்ததாக கர்ட்ஸ்கி சொன்னபோது, ஐஸ்லாந்தின் மருத்துவர்களே தங்கள் தீவின் தரவுகளைக் காட்டி அதை ஏற்க மறுத்தார்கள்.

ஆனாலும் கிருமிக்குப் பங்குண்டு என்ற அடிப்படை எண்ணம் பொய்க்கவில்லை. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு ஹார்வர்டு குழு நடத்திய ஆய்வு 2022 ஜனவரியில் வெளியானது; அதன் முதன்மை ஆசிரியர் கியெட்டில் பியோர்னெவிக் நார்வேக்காரர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்காக உயர்வதையும், வேறு வைரஸ்களுக்கு அத்தகைய விளைவு இல்லாததையும் அது காட்டியது. ஆராயப்பட்ட 801 எம்.எஸ். நோயாளிகளில் அந்த வைரஸின் தொற்றே இல்லாதவர் ஒரே ஒருவர்தான். எனினும் உலகின் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரஸ் இருக்கிறது, நம் ஊரிலும் இருக்கிறது. பரவல் வேறுபாட்டைத் தொற்றின் வயதுதான் ஓரளவு விளக்குகிறது. கூட்டமான வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே அது அறிகுறியின்றி வந்து போய்விடுகிறது. வசதியான நாடுகளில் பதின்ம வயது வரை தள்ளிப்போய், வாரக்கணக்கில் படுக்கையில் போடும் சுரப்பிக் காய்ச்சலாக வருகிறது. அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் டென்மார்க்கினுடையது. 1950-களில் அங்கே ஆண்டுதோறும் ஒரு லட்சம் பெண்களில் ஏறத்தாழ ஆறு பேருக்குப் புதிதாக எம்.எஸ். வந்தது, 2000-களில் பன்னிரண்டு பேருக்கு மேல். ஆண்களின் விகிதம் அதே காலத்தில் நான்கரையிலிருந்து ஆறாக மட்டுமே உயர்ந்தது. ஒரே பதிவேடு, ஒரே நாடு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மருத்துவம். நோயறிதல் மேம்பட்டதுதான் காரணம் என்றால் இரு பாலாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளில் மரபணு மாறிவிடாது, அட்சரேகையும் நகராது. ஆகவே பெண்களின் வாழ்க்கையில் மாறிய ஏதோ ஒன்று, அல்லது பல, இங்கே வேலை செய்கின்றன. பதின்ம வயது உடற்பருமனும் புகைப்பழக்கமும் எம்.எஸ். ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது நிறுவப்பட்ட செய்தி. பிள்ளைப்பேறு தள்ளிப்போவதும் குறைவதும் சேர்ந்திருக்கலாம் என்று டேனிஷ் ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்.

இடம்பெயர்ந்தவர்களின் கணக்கு நம்மை நேரடியாகத் தொடுவது. பிரிட்டனிலிருந்து பதினைந்து வயதுக்கு முன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களுக்கு ஆபத்து குறைந்ததையும், பெரியவர்களான பிறகு போனவர்கள் பிரிட்டனின் ஆபத்தைச் சுமந்துகொண்டே போனதையும் டீனும் கர்ட்ஸ்கியும் 1971-ல் காட்டினார்கள். எதிர்த்திசையில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் லண்டனுக்கு வந்தவர்களிடையே நோய் அரிதாக இருந்தது. அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடையே அது பிரிட்டிஷாரின் விகிதத்தை நெருங்கியதாக 1990-ல் ஓர் ஆய்வு சொன்னது. நார்வேயிலும் பாகிஸ்தானிலிருந்து வந்த முதல் தலைமுறையைவிட இங்கே பிறந்த இரண்டாம் தலைமுறையினரிடையே எம்.எஸ். தெளிவாக அதிகம்.

கிழக்கு லண்டனில் நடந்த கணக்கெடுப்பு ஒன்று 2017-ல் வெளியானது. வெள்ளையரிடையே லட்சத்துக்கு 180, கறுப்பினத்தவரிடையே 74, தெற்காசியரிடையே 29 என்று அது கண்டது. 29 என்பது பக்கத்து வீட்டு வெள்ளையரின் விகிதத்தில் ஆறில் ஒரு பங்கு. அதே சமயம், தென்கிழக்கு ஆசிய மண்டலச் சராசரியைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு தலைமுறைகளையும் ஒன்றாகச் சேர்த்த எண் அது என்பதையும், குடியேறிய சமூகங்களில் இளையோர் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரும் பத்தாண்டுகளில் அது ஏறும் என்றே எதிர்பார்க்கிறேன். வடக்கு நார்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள், அதாவது நோய் தொடங்கும் வயதில். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, ஒரு பக்கக் காலோ கையோ வலுவிழப்பது போன்றவை நாட்கணக்கில் நீடித்தால், தெற்காசியருக்கு இது வராது என்று வீட்டில் யாராவது சொன்னாலும் குடும்ப மருத்துவரிடம் போய், பெற்றோர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதோடு தான் எங்கே பிறந்து வளர்ந்தேன் என்பதையும், பதின்ம வயதில் அந்தச் சுரப்பிக் காய்ச்சல் வந்ததா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.